பெருங்காய டப்பாவின் பின்பக்கம்

போன வருஷம் சித்திரை வெயிலில், காஞ்சிபுரத்தில் எங்கள் தெரு முனையில் சிக்கன் சாசேஜ், சலாமி மாதிரி பதப்படுத்திய இறைச்சி விற்கும் கடையில் நடந்தது இது. நினைத்தால் இப்போதும் கனவு மாதிரி இருக்கிறது.

என் மகளுக்கு அப்போது பத்து வயது. கோதுமை துளி சேர்ந்தாலும் அவள் குடலுக்கு ஆகாது என்று டாக்டர் சொல்லி ஆறு மாதம் ஆகியிருந்தது. சப்பாத்தி, பரோட்டா, ரவை எல்லாவற்றையும் நிறுத்தியும் வயிற்றுவலி விட்டபாடில்லை. பிள்ளை இளைத்துக்கொண்டே போனாள். பள்ளித்தோழிகள் மாதிரி சாசேஜ் வேண்டும் என்று அவள் ஏங்கியதால், பாக்கெட்டில் இருந்த பொடி எழுத்தைக் கடைக்காரரை மூன்று முறை படிக்கச் சொல்லி வாங்கினேன். ஞாயிற்றுக்கிழமை அதை வறுத்து, மிளகு சீரகம் தட்டிப்போட்ட எங்கள் ஊர் கோயில் இட்லியோடு கொடுத்தேன். சாயங்காலமே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு படுத்துவிட்டாள்.

மறுநாள் மத்தியானம் காலி பாக்கெட்டோடு சண்டைக்குக் கிளம்பினேன். வெயிலில் தெருவே மிதப்பது போல் இருந்தது. தறிச்சத்தம் தூக்கத்தில் கேட்பது மாதிரி எங்கோ கேட்டது. நான் கத்தக் கத்த, கடைக்காரர் ஃப்ரீசரைத் திறந்து அதே பாக்கெட் ஒன்றை எடுத்தார். குளிர்ப்புகை எழும்பி அவர் முகத்தை மறைத்தது. நிதானமாக இன்னொரு முறை படித்துக் காட்டினார். கோதுமை இல்லை. கூட வேறு என்ன சாப்பிட்டாள் என்று கேட்டார்.

"கோயில் இட்லிதான். சாமிக்குப் படைக்கிற பண்டத்துல என்னா கெடுதல் வரப் போவுது?"

"பெருங்காயம் போட்டீங்களாம்மா? வீட்டுக்குப் போயி அந்த டப்பாவைத் திருப்பிப் பாருங்க. என் தங்கச்சிக்கும் இதே தொந்தரவுதான். நாங்களும் பட்டுக்கினுதான் தெரிஞ்சிக்கினோம்."

நம்பாமல்தான் வீட்டுக்கு வந்தேன். டப்பாவின் பின்பக்கத்தை எழுத்துக்கூட்டிப் பார்த்தால், கோதுமை மாவு என்று இங்கிலீஷில் போட்டிருந்தது. ஆறு மாதமாக ரசத்திலும் சாம்பாரிலும், நேற்று அந்த இட்லியிலும் நானே என் கையால் போட்டுக்கொண்டிருந்திருக்கிறேன். அடுப்படியிலேயே உட்கார்ந்து அழுதேன். மகள் வந்து பக்கத்தில் உட்கார்ந்து, "அப்போ சாசேஜ் சாப்பிடலாமாம்மா?" என்றாள்.

பெருங்காயத்தை நிறுத்திய சில வாரங்களில் வலி நின்றது. கடைக்காரரிடம் மன்னிப்புக் கேட்கப் போனபோது, பிள்ளை எப்படி இருக்கிறாள் என்று மட்டும்தான் விசாரித்தார். இன்றும் யார் மேலாவது கோபம் வந்து செருப்பை மாட்டும்போது, அந்தச் சின்ன டப்பா நினைவுக்கு வந்து, கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுத்தான் எழுந்திருக்கிறேன்.