அழுதுகொண்டே மனு அடித்த சித்தி

என் சித்தி அழுதுகொண்டே அடித்துத் தரும் மனு கோர்ட்டில் ஜெயிக்கும் என்று மதுரையில் ஒரு காலத்தில் சிலர் நம்பினார்கள். எட்டு வயதில் நானும் எள்ளளவும் சந்தேகமில்லாமல் நம்பினேன்.

சித்தி என்றால் அப்பாவுடைய தம்பியின் மனைவி. சோழவந்தானில் வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருந்த வீட்டுப் பெண். கல்யாணமாகித் தல்லாகுளத்தில் எங்கள் வீட்டுக்கு வந்தவள், கொஞ்ச நாளிலேயே கோர்ட்டுக்குப் பக்கத்தில் ஒரு டைப்பிங் சென்டரில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். வக்கீல் குமாஸ்தாக்கள் கையால் எழுதிக் கொண்டுவரும் மனுக்களைக் கம்ப்யூட்டரில் அடித்துக் கொடுக்க வேண்டும். கல்யாணத்துக்கு வந்த சீர் சாமான்களில்கூட அவளுக்கு அவ்வளவு பிரியம் இல்லை. பிரியமெல்லாம் அந்தக் கடை நாற்காலிமேல்தான் இருந்தது. கோடை விடுமுறையில் என் அட்டகாசம் தாங்காமல் அம்மா என்னையும் அவளோடு அனுப்பிவிடுவாள். கடையில் ஏசி உண்டு, எங்கள் வீட்டில் கிடையாது. ஆகவே நானும் நல்ல பிள்ளையாகக் கிளம்பிவிடுவேன்.

சித்தி அடிப்பதை வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருப்பேன். விரல் எங்கே போகிறது என்று அவள் குனிந்து பார்க்கவே மாட்டாள். கண் திரையிலேயே நிலைகுத்தி நிற்கும், இமைக்கக்கூட மறந்துபோகும். மேலே இருந்த ஏசி நேராக அவள் முகத்தில் வீசிக்கொண்டிருக்கும். காலை வேலை சூடு பிடிக்கும் நேரத்தில் கண் சிவக்கும், அப்புறம் தண்ணீர் வழிய ஆரம்பிக்கும். முந்தானையால் துடைத்துவிட்டு அடிப்பாள். மறுபடியும் வழியும்.

எதிர் பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு என்ன தெரியும்? புருஷன் விரட்டிவிட்ட பெண்கள், பங்காளியிடம் நிலத்தைப் பறிகொடுத்த பெரியவர்கள். அவர்கள் கதையைக் கேட்டு வக்கீல் கொட்டாவி விட்டிருப்பார். இங்கே ஒரு பெண் வரிக்கு வரி கண்ணீர் விடுகிறாள். “அந்தப் புள்ள நமக்காக அழுதுச்சுப்பா” என்று ஊருக்குப் போய்ச் சொன்னார்கள். அதில் யாருக்கோ தீர்ப்பும் சாதகமாக வந்து தொலைத்தது. அழுகிற டைப்பிங்கம்மா எந்தக் கடை என்று விசாரித்துக்கொண்டு ஆட்கள் வரத் தொடங்கினார்கள். பக்கத்துக் கடைகளில் ஈ ஓட்டிக்கொண்டிருக்க, எங்கள் கடையில் பெஞ்சு போதவில்லை. கடைக்காரருக்கு வாயெல்லாம் பல்.

சித்திக்குத்தான் சிரிப்பு வரவில்லை. கண்ணில் மண்ணை அள்ளிப் போட்ட மாதிரி உறுத்துகிறது என்பாள். எழுத்து மங்கத் தொடங்கியது. ஒரு நாள் வாதியின் பெயரைப் பிரதிவாதியின் இடத்தில் அடித்துவிட்டாள். நிலத்தைப் பறிகொடுத்தவரே பறித்தவராகிப் போனார். வக்கீல் கடை வாசலில் நின்று கத்தித் தீர்த்துவிட்டுப் போனார்.

வீட்டில் ஆளுக்கொரு வைத்தியம். எல்லாம் சூடு என்று சொல்லி அம்மா உச்சந்தலையில் விளக்கெண்ணெயை வைத்துத் தேய்த்தாள். அப்பா வெள்ளரிக்காய் வாங்கி வந்தார். அதை நான் தின்றுவிட்டேன். சித்தப்பா மட்டும் கறாராகச் சொன்னார். “கண்ணே போயிருச்சுன்னா என்ன செய்வ? பேசாம வேலைய விட்ரு.”

அன்று சாயங்காலம் மொட்டை மாடியில் சித்தி ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு எதிர்க் கடையின் பெயர்ப் பலகையை வாய்க்குள் படித்துக்கொண்டிருந்தாள். பிறகு அடுத்த கண்ணைப் பொத்திக்கொண்டு படித்தாள். என்ன விளையாட்டு என்று கேட்டேன். “ஒண்ணுமில்லடீ. தெரியுதான்னு பாத்தேன்” என்றாள். அவள் குரலே சரியில்லை. சித்தி பயந்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

மறு வாரம் சித்தப்பாவுக்கு லீவு கிடைக்காததால் என்னைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு கண் ஆஸ்பத்திரிக்குப் போனாள். அங்கே ஒரு சிஸ்டர் ஒல்லியான காகிதத் துண்டுகளின் நுனியை மடித்துச் சித்தியின் கீழ் இமைகளில் ஒவ்வொன்றாக மாட்டிவிட்டார். இரண்டு கண்ணிலும் காகிதம் தொங்க, சித்தி கண்ணை மூடி உட்கார்ந்திருந்தாள்.

“கண்ணுல எம்புட்டு ஈரம் இருக்குன்னு பாக்குறோம் பாப்பா” என்றார் சிஸ்டர்.

எனக்குச் சிரிப்பு வந்தது. குடம் குடமாக வழிகிற கண்ணுக்கு இந்தத் துண்டுக் காகிதம் எந்த மூலைக்கு? இப்போது ஊறிவிடும், இப்போது மடியில் சொட்டிவிடும் என்று வைத்த கண் வாங்காமல் பார்த்தேன். ஈரம் கொஞ்சம் இறங்கியது. அப்படியே நின்றுவிட்டது. மிச்சக் காகிதம் எடுத்த எடுப்பில் இருந்த மாதிரியே வெள்ளை வெளேரென்று தொங்கியது.

அடுத்து டாக்டரம்மாவின் அறை. கண்ணில் மஞ்சளாக ஏதோ சாயம் தொட்டு வைத்து, விளக்கை அணைத்துவிட்டு, ஒரு நீல வெளிச்சத்தைக் கண்ணில் பாய்ச்சினார். பக்கத்து டிவியில் சித்தியின் கண் தாம்பாளம் அளவுக்குத் தெரிந்தது. பச்சைப் பசேலென்று ஒளிர்ந்தது! சித்தி ஒரு தடவை இமைத்தாள். பச்சை வழவழவென்று விரிந்தது. அடுத்த கணமே அங்கங்கே கருப்புக் கருப்பாகப் பொத்தல் விழுந்தது. தினமும் எனக்குத் தலை பின்னிவிடுகிற சித்தி, முகத்தில் இப்படி ஒன்றை வைத்துக்கொண்டா சும்மா இருந்தாள்?

“இமைக்கிறப்பல்லாம் கண்ணு மேல மெல்லிசா ஒரு ஈரப் படலம் விரியும்” என்றார் டாக்டரம்மா. “அது காயாம இருக்க மேல துளி எண்ணெயும் இருக்கும். உங்களுக்கு அது உடனே கிழிஞ்சு போகுது. இமைக்காம ஸ்கிரீனையே பாக்குறீங்க, ஏசிக் காத்து வேற. எரிச்சல் தாங்காம கண்ணு அவசரத்துக்குத் தண்ணியக் கொட்டுது. அது கண்ணுல நிக்காது, வழிஞ்சு போயிரும். வழியுதே தவிர, உங்க கண்ணு காஞ்சு கிடக்கு.”

சித்தி யோசித்தாள். “கொடிக்கால் மாதிரிங்களா? மண்ணு எப்பவும் ஈரமா இருக்கணும். காய விட்டுட்டு ஒரேயடியா தண்ணியக் கட்டுனா வெத்தலக் கொடி தாங்காது.” அப்புறம் தயங்கித் தயங்கிக் கேட்டாள். “கண்ணு போயிராதுல்ல?”

“ஒழுங்கா மருந்து விட்டுக் கவனிச்சுக்கிட்டாப் போகாது. வேலையையும் விட வேணாம். முதல்ல இமைங்க.”

திரும்பி வரும்போது பஸ்ஸில் ஒவ்வொருவர் கண்ணையும் பார்த்துக்கொண்டே வந்தேன். கண்டக்டர் இமைத்தார். பூக்காரம்மா இமைத்தார். அவர் மடியிலிருந்த கைக்குழந்தை இமைத்தது. இத்தனை பேரும் ஒருவருக்கும் தெரியாமல் அந்தப் படலத்தை விரித்து விரித்துக் காயாமல் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். இவ்வளவு பெரிய சங்கதியை யாரும் எனக்குச் சொன்னதில்லையே என்று கோபமாகக்கூட இருந்தது.

சித்தி சொன்னதைத் தட்டாமல் செய்தாள். சொட்டு மருந்து, வெதுவெதுப்பான துணியை இமைமேல் வைத்து ஒத்தடம், நடுநடுவே கண்ணை மூடி ஓய்வு. ஏசியின் வாயைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தார்கள். மருந்துப் புட்டியைக் காப்பது என் பொறுப்பு. கொஞ்சம் கொஞ்சமாக எரிச்சல் அடங்கியது. விடுமுறை முடிவதற்குள் கண் பளிச்சென்று ஆகிவிட்டது. பிழையும் இல்லை, கண்ணீரும் இல்லை.

கடைக்காரருக்குத்தான் முகம் தொங்கிப்போயிற்று. “சரியானதுல சந்தோசந்தாம்மா. ஆனா வாரவுக அதைத்தான கேக்குறாக” என்றார். பெஞ்சில் பாதி காலி. இனி டைப் அடிக்கத் தனியாக ஒரு ஆள் தேவையா என்று அவர் முணுமுணுத்தது சித்தியின் காதிலும் விழுந்தது.

அப்போதுதான் அழகர்கோவில் பக்கத்திலிருந்து ஒரு பெண் வந்தார். மகனைப் புருஷன் தூக்கிக்கொண்டு போய்விட்டான், மீட்டுத் தரச் சொல்லி மனு. சித்தி நன்றாக இமைத்து இமைத்து, பிழையில்லாமல் அடித்து, பிரிண்ட் எடுத்து நீட்டினாள். அந்தப் பெண் கையை நீட்டவில்லை.

“அழுகுற அம்மா நீதான?”

“ஆமாக்கா.”

“எனக்கு மட்டும் ஏந்தாயி அழுகல? எங் கதை பொய்யின்னு நெனச்சுட்டியா?”

சித்தி எழுந்தாள். என்னிடம் வந்து புட்டியை வாங்கினாள். சுவர்ப்பக்கம் திரும்பி அண்ணாந்து, ஒரு சொட்டு விட வேண்டிய கண்ணில் பீய்ச்சிக்கொண்டாள். அடுத்த கண்ணிலும் அப்படியே. கன்னமெல்லாம் மருந்து வழியத் திரும்பி வந்து உட்கார்ந்து, “படிச்சுக் காட்டுறேன், கேளுங்கக்கா” என்று மனுவை முதலிலிருந்து வாசித்தாள். பையனுக்கு எத்தனை வயது, எந்த வகுப்பு, அம்மாவைத் தவிர யார் ஊட்டினாலும் சாப்பிட மாட்டான் என்பதுவரை. அந்தப் பெண் மனுவை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, சித்தியின் கையை ஒரு தடவை பிடித்துவிட்டுப் போனார். அவர் போய், அடுத்த ஆள் வந்து, மத்தியானச் சாப்பாட்டுக்கு டிபன் பாக்ஸைத் திறந்தபோதும் சித்தியின் கண் வழிந்துகொண்டுதான் இருந்தது.

சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் அம்மாவிடம் அந்த மருந்தின் மகிமையை மூச்சு விடாமல் சொன்னேன். காலையில் விட்டது, சோறு தின்னும்வரை நிற்கவே இல்லை! எப்பேர்ப்பட்ட மருந்து! சித்தி அடுப்படியில் முகம் கழுவிக்கொண்டிருந்தாள்.

இப்போது நானும் நாள் முழுக்கக் கம்ப்யூட்டர் முன்னால்தான் உட்கார்ந்திருக்கிறேன். அதே மருந்தை நானும் விட்டுக்கொள்கிறேன். எவ்வளவு பீய்ச்சினாலும் அது ஒரு நிமிஷத்துக்கு மேல் வழிவதில்லை.