என் லப்டொப்பில் மட்டும் செவ்வாய்க்கிழமை

அந்த வாரம் முழுவதும் என்னால் ஓர் இடத்தில் உட்கார முடியவில்லை. கண்டியில் ஒரு தனியார் கண் கிளினிக்கிற்காக, நோயாளிகளுக்கு நாள் குறித்துக் கொடுக்கும் மென்பொருள் ஒன்றை எழுதிக்கொண்டிருந்தோம். எழுதியவர்கள் இரண்டே பேர்: நானும், யாழ்ப்பாணத்திலிருந்து வந்து கட்டுகஸ்தோட்டையில் அறை எடுத்துத் தங்கியிருந்த ஓர் அண்ணாவும். திங்கட்கிழமை அதைக் கிளினிக்கில் பொருத்த வேண்டும். என் லப்டொப்பிலோ, புதன்கிழமை என்று பதிந்தால் நோயாளிக்குப் போகும் குறுஞ்செய்தியில் செவ்வாய்க்கிழமை என்று வந்தது.

போனில் சொன்னேன். "என்ர மெஷினில சரியாத்தானே ஓடுது," என்றார் அண்ணா. "நீங்கள் ஏதும் மாத்திப்போட்டீங்களோ?"

நான் எதையும் மாற்றவில்லை. இருந்தாலும் நான் எழுதியதையெல்லாம் அழித்து மறுபடி எழுதினேன். அப்போதும் செவ்வாய்தான். பன்விலத் தேயிலைத் தோட்டத்தில் எங்கள் வீட்டுக்குள் சிக்னல் எடுக்காது. லப்டொப்பைத் தூக்கிக்கொண்டு ஜன்னலுக்கும் வாசலுக்குமாக நடந்தேன். பறித்த கொழுந்தை எடை போட்டுக் கொடுத்துவிட்டு வந்த அம்மா என்னைப் பார்த்துவிட்டு, "என்னா புள்ள, சோறு தின்னாம அலையிற?" என்று கேட்டார்.

விஷயத்தைச் சொன்னேன்.

"ஒரு நாள் முந்திப் போனா என்னா பண்ணுவாங்க?"

"திருப்பி அனுப்பிருவாங்கம்மா."

கண் காட்ட அம்மா கண்டிக்குப் போகும் நாளில் அவருக்குப் பேர் விழாது, அன்றைய சம்பளம் போய்விடும். பஸ்ஸில் வத்தேகம வழியாக இறங்கிப் போய் வரவே பொழுது சாய்ந்துவிடும். அதன் பிறகு எனக்குச் சோறு இறங்கவே இல்லை.

மறுநாள் காலை முதல் பஸ்ஸில் கண்டிக்குப் போனேன். வழியெல்லாம் லப்டொப் பையின் பட்டியை முறுக்கிக்கொண்டே இருந்தேன். அலுவலகத்தில் அண்ணாவின் கதிரைக்குப் பக்கத்தில் என் கதிரையை இழுத்துப் போட்டு, இரண்டு லப்டொப்பையும் அருகருகே வைத்தேன்.

"அண்ணா, நாம எழுதுனத விட்டுருங்க. அடுத்தவங்க எழுதி நாம எறக்கி வச்சிருக்கோமே, அந்த லைப்ரரிகளப் பார்ப்போம்."

ஒவ்வொன்றாக வேர்ஷன் எண்களை வாசித்தோம். தேதிகளைக் கையாளும் லைப்ரரிக்கு வந்ததும் அண்ணா நிறுத்தினார். அவருடையது புதியது, என்னுடையது பழையது. பழையதில் நம் நாட்டு நள்ளிரவு இங்கிலாந்து நேரத்துக்கு மாறி, முந்தைய நாளாகிவிடும். அண்ணா தன் லப்டொப்பில் புதியதை ஏற்றியிருந்தார். எந்த வேர்ஷன் வேண்டும் என்று சொல்லும் கோப்பை, நாங்கள் இருவரும் நிரலைப் பகிரும் பொது இடத்தில் சேர்க்கவில்லை; அங்கே இருந்தது பழையதுதான்.

"ஓம், நான்தான் விட்டிட்டன்," என்றார். உடனே அவர் முகம் மாறியது. "அப்ப கிளினிக் சேர்வரிலயும் உங்களிட்ட இருக்கிறதுதானே ஏறும்?"

ஆமாம். நாங்கள் நம்பியிருந்த அவர் லப்டொப்தான் தனித்து நின்றது.

அன்றே அவர் கோப்பைச் சேர்த்தார். அடுத்தவர் செய்த மாற்றங்களை இறக்கியவுடன் லைப்ரரிகளும் தானாகவே புதுப்பிக்கப்படும்படி ஒரு சின்ன நிரலும் எழுதினார். வீட்டுக்கு வந்து இறக்கினேன். சிக்னல் விட்டு விட்டு வந்ததால் அது பாதி இறங்கி நின்று, இருந்த லைப்ரரிகளையும் குழப்பிவிட்டது. வாசலில் நின்று போன் போட்டேன்.

"அண்ணா, அத ஒங்க ரூமு ரௌட்டருக்கு எழுதிட்டீங்க. பன்வில சிக்னலுக்கு எழுதுங்க."

அவர் சிரித்தார், எனக்குச் சிரிப்பு வரவில்லை. கடைசியில் நானே அதை மாற்றினேன்: எதையும் தானாக இறக்காது. கோப்பும் லப்டொப்பும் ஒத்துப்போகாவிட்டால் சிவப்பில் சொல்லிவிட்டு, ஓட மறுக்கும். இறக்குவது எப்போது என்பது நம் கையில்.

திங்கட்கிழமை கிளினிக்கில் முதல் பதிவை நானே செய்தேன். புதன் என்று கொடுத்தேன். என் போனுக்குப் புதன் என்றே வந்தது. வரிசையில் நின்ற ஒருவர், "முடிஞ்சிச்சா மிஸ்?" என்று கேட்டார். "ஒரு நிமிஷம்," என்று சொல்லிவிட்டு, இன்னொரு முறை பதிந்து பார்த்தேன்.