முதல் வருடத்தை யார் எடுக்கிறார்கள்

திருச்சியில் ஒரு தன்னாட்சிக் கல்லூரியில் புள்ளியியல் ஆசிரியை பெலிண்டா. மாணவர்கள் உண்மையில் என்ன கற்றார்கள் என்று பார்த்து, பாடத்திட்டத்தைச் சீர்செய்ய யோசனை சொல்லும் பொறுப்பு துறையில் அவருடையது. மற்றவர்கள் தேர்வு மதிப்பெண்களைக் கூட்டி வகுத்து அறிக்கை கொடுத்துவிடுவார்கள். பெலிண்டாவுக்கு மனசு ஒப்பவில்லை. இறுதியாண்டு மாணவர்களைக் காந்தி மார்க்கெட்டுக்கு அனுப்பி, ஒரு வாரத்து வெங்காய விலையைக் கேட்டு வரச் சொன்னார்.

சராசரியை எல்லோரும் சரியாகவே போட்டார்கள். "இத வச்சு வியாபாரிக்கு என்ன சொல்லுவீங்க?" என்று கேட்டபோது திரும்பவும் சூத்திரத்தையே ஒப்பித்தார்கள். நன்றாகப் படிக்கும் கனிஷ்காகூட, "ஃபார்முலா தெரியும் மேடம். அது என்ன சொல்லுதுன்னு யாரும் கேட்டதில்ல" என்றாள்.

கோளாறு முதல் வருடத்திலேயே தொடங்குவது பெலிண்டாவுக்குப் புரிந்தது. சூத்திரங்களைத் திணித்திருந்தார்கள், செய்முறை வகுப்பே கிடையாது. பாரத்தைக் குறைத்துச் செய்முறை சேர்க்க வேண்டும் என்று எழுதித் துறைத்தலைவர் இருதயநாதனிடம் கொடுத்தார்.

அவர் படித்துவிட்டு, "முதல் வருஷம் யாரு எடுக்குறாங்க?" என்றார்.

"ஜஹானாரா, சார்."

ஜஹானாரா ஒப்பந்த ஆசிரியை. ஜூனில் கல்லூரி திறந்தபோது அவருக்கு மறுபடி வேலை தரவில்லை.

பெலிண்டா துறைத்தலைவர் அறைக்குப் போனார். "பாடத்திட்டத்தப் பத்தித்தான் சார் எழுதினேன். அவங்களப் பத்தி ஒரு வரிகூட எழுதல."

"பாடத்திட்டத்த மாத்த குழு கூடணும், நாளாகும்" என்றார் இருதயநாதன், களைப்போடு. "அதுக்குள்ள கல்லூரிய ஆய்வு செய்ய வர்றவங்க, குறை தெரிஞ்சதும் என்ன செஞ்சீங்கன்னு கேப்பாங்க. எதையாவது காட்டணும்ல?"

அன்று மாலையே பெலிண்டா பாலக்கரையிலுள்ள ஜஹானாரா வீட்டுக்குப் போனார். எப்போதும் அக்கா என்று கூப்பிடும் ஜஹானாரா, "உக்காருங்க மேடம்" என்றார்.

"செய்முறை வேணும்னு நானும் கேட்டுக்கிட்டுதான் இருந்தேன். எழுதறதுக்கு முன்னாடி என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருந்தா, அதையும் சேத்திருப்பீங்க."

ஜஹானாரா கொடுத்த டீயைக் குடித்துவிட்டுப் பெலிண்டா திரும்பி வந்தார்.

குழு கூடியபோது, இந்த மாற்றத்தை முதலில் கேட்டவர் ஜஹானாராதான் என்று சொல்லி, அவரைத் திரும்ப அழைக்கும்படி பெலிண்டா வாதாடினார். செய்முறை வகுப்புக்கு ஒப்புதல் கிடைத்தது. ஆளை நியமிப்பது குழுவின் வேலை இல்லை என்றார்கள். ஜஹானாரா இப்போது அரியமங்கலத்தில் ஒரு பள்ளியில் இருக்கிறார். முதல் வருட மாணவர்கள் எண்களைப் பற்றித் தயங்காமல் பேசுகிறார்கள். அதைக் கேட்கும்போது பெலிண்டாவுக்குச் சந்தோஷமும் வருகிறது, ஜஹானாராவின் நினைவும் வருகிறது.

இந்த வருடம் இரண்டாம் ஆண்டைப் பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள். அதை எடுக்கும் ரெஜிஸும் ஒப்பந்த ஆசிரியர்தான். இந்தத் தடவை பெலிண்டா முதலில் அவரிடம் போனார். "உங்க வகுப்புக்கு வந்து பசங்ககிட்ட கொஞ்சம் பேசிப் பாக்கலாமா?"

ரெஜிஸ் கையிலிருந்த புத்தகத்தை மூடினார். "வாங்க மேடம்" என்றார். பிறகு, "எனக்குப் போன மாசந்தான் கல்யாணம் ஆச்சு, இந்த வேலைய நம்பி" என்றார்.

பெலிண்டா அந்த வாரம் அவர் வகுப்புக்குப் போகவில்லை.