பாக்கியலட்சுமி தொங்கானை மூழ்கடித்த கதை

காஜா பெராங் என்ற ஊரில் ரவிக்கை தைத்துப் பிழைத்த பாக்கியலட்சுமிக்குக் கப்பலில் என்ன வேலை என்று கேட்காத வாய் குறைவு. பாய் தைக்க ஆள் வேண்டும் என்றார்கள், போனாள். தைத்தது போதும், வீட்டுக்குப் போ என்றார்கள், போகவில்லை.

ஒரு காலத்தில் சுமத்ராவிலிருந்து கரி ஏற்றி வந்த தொங்கான், பாய்மரச் சரக்குப் படகு அது. இயந்திரப் படகுகள் வந்தபின் ஆற்று முகத்தில் சும்மா கிடந்தது. குமாஸ்தா கருணாகரனும் நண்பர்களும் சம்பளமில்லாமல் அதைச் செப்பனிட்டார்கள். ஞாயிறுதோறும் சம்பான் என்ற சிறு படகில் பாயேற்றப் பழகினார்கள். லட்சுமியும் பழகினாள். சுக்கான் பிடிப்பதில் அவளுக்குத்தான் கை நிதானம்.

தொங்கானின் சொந்தக்காரர் ஷரீஃபுதீன் மொதலாளி ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டார். "சுதந்திர தினப் படகு ஊர்வலத்துல பாய் விரிச்சு ஓடுச்சுன்னா உங்களுக்கே குடுத்துடுறேன். ஓடலன்னா மறுநாளே ஒடச்சுப் பலகையா வித்துருவேன்."

லட்சுமி அதைத் துணியைப்போல் பாதுகாத்தாள். ஈரம் பட்டால் மக்கிவிடும் என்று கரையேற்றி, கூரை போடவைத்து, மழைச்சாரல் அடித்தால்கூடத் துடைத்தாள். மாதக்கணக்கில் அது காய்ந்தது. ஊர்வல வாரம் வந்ததும் வர்ணம் பூசி, மாலை போட்டு நீரில் தள்ளினார்கள்.

பலகைக்குப் பலகை தண்ணீர் பீறிட்டது.

கரையில் ஒரே சிரிப்பு. "அக்கா, ஓட்டைக்கெல்லாம் காஜா எடுத்து பட்டன் வச்சிருங்க லா!" என்றான் ஒருவன். மொதலாளி தலையை ஆட்டினார். "போதும்மா. நாளைக்கே ஒடைக்க ஆள அனுப்புறேன்."

துணி ஊறப்போடும் மரத்தொட்டி லட்சுமியின் கண்முன் வந்து நின்றது. சில நாள் காய்ந்தால் அதுவும் இப்படித்தான் ஒழுகும். தண்ணீரை நிரப்பி விட்டுவைத்தால் மரம் ஊதி, இடுக்கு தானாக அடைபடும். தினமும் பார்க்கிற தொட்டி! தன்மேலேயே கோபம் வந்தது. சேலையை வரிந்துகொண்டு இறங்கி, தொங்கானின் அடித்துளையை அடைத்திருந்த கட்டையைப் பிடுங்கிக் கரையில் எறிந்தாள்.

"ஐயோ, என்னக்கா பண்றீங்க!" கருணாகரன் அலறினான்.

"முழுகட்டும். கல்லு கொண்டா. நல்லா முழுகட்டும்."

"ஊரே சிரிக்குதுக்கா."

"சிரிச்சு முடிக்கட்டும். ஊர்வலம் வரைக்கும் கெடு இருக்கு மொதலாளி. அதுக்கு முன்னால கோடாலி வந்துச்சுன்னா மொதல்ல என்னைத்தான் வெட்டணும்."

வர்ணமும் மாலையுமாகத் தொங்கான் சேற்றில் அமிழ்ந்தது. வேடிக்கை பார்க்க தூரத்து ஊரான ஆயர் குரோவிலிருந்துகூட ஆள் வந்தது. அவள் அசையவில்லை, தையல் வேலையைக் கரைக்கே கொண்டுவந்து உட்கார்ந்துவிட்டாள்.

ஊர்வலத்தன்று விடியலில் கடல் வற்றியது. கல்லை எடுத்து, நீரை வடித்து, கட்டையைத் திரும்ப அடித்தார்கள். கடல் மறுபடி ஏறியது. தொங்கான் ஒரு குலுக்குக் குலுக்கி எழுந்தது. லட்சுமி உள்ளே இறங்கி இடுக்கு இடுக்காகத் தடவினாள். கசிவு இருந்தது, ஒழுக்கு இல்லை.

மொதலாளி முகத்தைத் துடைத்துக்கொண்டார். "சரி, சொன்ன சொல்லு சொன்னதுதான். ஓடுனா கப்பல் உங்களுது. ஆனா சுக்கான ஒரு ஆம்பளகிட்ட குடும்மா. ஊரே பாக்கும்."

"முழுகுனப்ப பாத்தாங்கல்ல மொதலாளி? ஓடுறப்பவும் பாக்கட்டும்."

சுக்கானைப் பிடித்தபடி, பாயை ஏற்றச் சொன்னாள்.