இரண்டு மையில் ஒரு வம்சாவளி

எங்கள் துறை அறையின் சுவரில் ஒரு வம்சாவளிப் படம் தொங்கியது. ஏதோ எண்ணெய் மில்லின் பழைய காலண்டர் தாள்கள் நான்கை ஒட்டி, பின்பக்கத்தில் துறைத் தலைவர் தன் கையால் வரைந்தது. இடைக்காலத்தின் கடைசியில் இங்கிலாந்தில் முடிக்காக அடித்துக்கொண்ட ஒரே அரச குடும்பத்தின் இரண்டு கிளைகள் அதில் இருந்தன. மூத்த மகன் வழி நீல மையில், இளைய மகன் வழி சிவப்பு மையில். சண்டையிலோ தலை வெட்டப்பட்டோ செத்தவர்களின் பெயருக்குப் பக்கத்தில் ஒரு கறுப்புப் புள்ளி. புள்ளி இல்லாத பெயரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். படம் கொஞ்சம் நீளம் என்பதால் அதன் அடிப்பகுதி எப்போதும் பீரோவுக்குப் பின்னால் மறைந்தே இருந்தது.

பொள்ளாச்சியில் அந்தக் கல்லூரியில் நான் வேலைக்குச் சேர்ந்தபோது அவருக்கு ஐம்பது தாண்டியிருந்தது. ஐரோப்பிய வரலாற்றுத் தாளை வேறு யாரையும் தொட விடமாட்டார். போர்களைப் பத்து நிமிடத்தில் முடித்துவிட்டு, மீதி நேரமெல்லாம் குடியானவர்கள் பக்கம் போய்விடுவார். அவர்கள் குடித்த பட்டாணிக் கஞ்சி, கண்ணாடி வாங்க வழியில்லாத ஜன்னலில் கட்டிய எண்ணெய்த் துணி, நோன்பு நாட்களில் தின்று தின்று சலித்த உப்பு மீன், படை வந்தால் முதலில் காணாமல் போகும் உழவு மாடு. "சேனை போற வழியில யாரோ ஒருத்தரோட காடு இருக்குமுங்க. அதுல என்ன வெதைச்சிருந்தாங்கன்னு எழுதுங்க, மார்க்கு போடறேன்" என்பார். ஒருவன் தென்னை என்று எழுதிவைத்தான். அதற்கும் அரை மார்க் போட்டார். ஆனால் முடி யாருக்குச் சொந்தம் என்று வந்துவிட்டால் மனிதர் இறங்கி வரமாட்டார். மூத்தவர் வழிக்குத்தான் உரிமை, இளையவர் வழி நடுவில் வந்து உட்கார்ந்துகொண்டது, அவ்வளவுதான் என்பார்.

இத்தனை தெளிவாக இருந்தவர் தன் ஊரில் எப்படி இருந்தார் என்பதுதான் வேடிக்கை. ஆனைமலைக்குப் பக்கத்தில் அவர்கள் ஊர் மாரியம்மன் கோயிலில் நோம்பித் திருவிழாவன்று முதல் மரியாதை அவர் குடும்பத்துக்கு. பூசாரி பட்டுத்துணியைப் பரிவட்டமாகத் தலையில் கட்டிய பிறகுதான் மற்ற காரியம் எதுவும் தொடங்கும். அவருடைய பெரியப்பா இளம் வயதில் இறந்துபோனபோது பெரியப்பாவின் மகன் தொட்டில் பிள்ளை. அதனால் மரியாதை சித்தப்பா முறைக்கு, அதாவது இவருடைய அப்பாவுக்கு வந்தது. அப்பாவுக்குப் பின் இவருக்கு. தொட்டில் பிள்ளைக்கு மீசை நரைக்கத் தொடங்கியதும், மூத்தவர் வழி நாங்கள்தானே என்று கேட்டார். வயதில் மூத்தவன் நான் என்றார் இவர். ஊர் இரண்டாகப் பிரிந்தது. கைகலப்பு வரும்போல இருந்ததால் நோம்பியை நிறுத்திவைத்தார்கள். மூன்று வருடம் கோயிலில் அன்றாடப் பூசைக்கு மேல் எதுவும் நடக்கவில்லை.

துறையில் கூட்டிப் பெருக்கி, டீ வாங்கிவரும் அக்காவும் அதே ஊர்தான். அவர் வீட்டுக்காரர் தென்னை மரத்திலிருந்து விழுந்து, இனி நடக்கமாட்டார் என்று சொல்லப்பட்டு, பிறகு நடந்தார். அவர் நடந்தால் பூவோடு எடுக்கிறேன், அதாவது நெருப்புச் சட்டியைக் கையில் ஏந்திக் கோயிலைச் சுற்றி வருகிறேன் என்று அக்கா வேண்டியிருந்தார். நோம்பி இல்லாமல் பூவோடு இல்லை. வீட்டுக்காரருக்குக் கால் லேசாக வலித்தாலும் அம்மன் கோபித்துக்கொண்டாள் என்று அக்கா பயந்துபோவார். அந்தப் பயத்தை நான் அருகிலிருந்து பார்த்தேன். பார்த்ததோடு சரி, துறைத் தலைவரிடம் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேச எனக்குத் துணிச்சல் வரவில்லை.

அக்காவுக்கு வந்தது. ஒரு நாள் டீ டம்ளரை மேசையில் வைத்தவர் போகாமல் நின்றார். "ஏனுங்க சார், வராந்தா கூட்டறப்ப உங்க பாடம் வருசா வருசம் காதுல உழுகுதுங்க. அந்த ஊரு ராசாக்களுக்கு மூத்தவிய வழிதான்னு சொல்றீங்க. நம்மூருல மட்டும் ஏனுங்க வேற மாதிரி?"

அவர் படத்தைப் பார்த்தார். டீ ஆறிப்போய் மேலே ஆடை படர்ந்தது. நான் விடைத்தாள் கட்டுக்குள் தலையை விட்டுக்கொண்டேன். அந்த வாரமே அவர், தம்பி முறையான அந்தப் பெரியப்பா மகன் வீட்டுக்குப் போய், பரிவட்டம் உனக்குத்தான் என்று சொல்லிவிட்டு வந்தார். வலிக்கவில்லையா என்று கேட்டேன். "வலிக்காம இல்லீங்க அம்மணி. எங்கப்பா நெனப்பு வருது" என்றார்.

நோம்பிக்கு நானும் போயிருந்தேன். இவ்வளவு தூரம் வந்த காரியம் கொங்கு நாட்டு மரியாதையால் கெடப் பார்த்தது. பூசாரி தட்டோடு வந்ததும் தம்பி பின்வாங்கினார். அண்ணன் நிற்கையில் நான் கட்டிக்கொள்வதா என்றார். விட்டுக்கொடுத்த பிறகு திரும்ப வாங்குவது முறையா என்றார் அண்ணன். இல்லீங்க, நீங்க கட்டிக்கங்க, அதெப்படீங்க என்று தட்டு இங்கும் அங்குமாகப் போய்வந்தது. மூன்று வருடம் எனக்கு எனக்கு என்று முட்டிக்கொண்டவர்கள் இப்போது உனக்கு உனக்கு என்று மல்லுக்கு நின்றார்கள். கற்பூரம் அணைந்து மறுபடி ஏற்றினார்கள். பரிவட்டம் கட்டாமல் பூவோடு நகரக்கூடாது. முன்வரிசையில் அக்கா, வேப்பிலையின் மேல் எரிகிற சட்டியோடு நின்றிருந்தார்.

"கை சுடுதுங்க சார்" என்றார். குரலை உயர்த்தவே இல்லை.

துறைத் தலைவர் தட்டிலிருந்து துணியை எடுத்தார். பூசாரி தடுப்பதற்குள் தம்பியின் தலையில் தானே சுற்றி முடிச்சுப் போட்டுவிட்டு, நகர்ந்து மூன்றாவது வரிசையில் போய் நின்றுகொண்டார். மேளம் எழுந்தது. அக்கா நடந்தார். எனக்குக் கண் நிறைந்துவிட்டது, யாருக்காக என்று கேட்டால் இன்றும் சொல்லத் தெரியாது. அதன் பிறகு எல்லா வருடமும் அவர் மூன்றாவது வரிசையில்தான் நின்றார் என்று கேள்விப்பட்டேன்.

அவர் ஓய்வு பெற்று, இறந்தும் போய்விட்டார். போன மாதம் துறை அறைக்கு வெள்ளையடிக்க வந்தார்கள். பீரோவை நகர்த்தியபோதுதான் படத்தின் அடிப்பகுதியைப் பார்த்தேன். நீலமும் சிவப்பும் ஒரு கல்யாணத்தில் சேர்ந்து முடிகிற இடத்துக்குக் கீழே, பென்சிலில், தமிழில் ஒரு பெண்ணின் பெயர். பக்கத்தில் புள்ளி இல்லை. யார் அது என்று கொஞ்ச நேரம் யோசித்தேன். சந்தேகம் வந்து பழைய சம்பளப் பதிவேட்டைப் புரட்டியபோது உறைத்தது. பதினாறு வருடம் அக்கா என்று கூப்பிட்டு டீ வாங்கிக் குடித்த எனக்கு, அக்காவின் பெயர் அன்றைக்குத்தான் தெரிந்தது. வெட்கமாக இருந்தது.

அக்காவும் இப்போது வேலையை விட்டு ஊரோடு இருக்கிறார். போன் செய்து விஷயத்தைச் சொன்னேன். சார் எப்போது எழுதினாரோ என்றார். பிறகு சிரித்தார்.

"எம் பேரு அவீங்க கூட எதுக்குங்க மேடம்? ஒரு துணிக்கு அடிச்சுக்கிற சனம். அழிச்சுப்போடுங்க."

ரப்பரை எடுத்து மேசை மேல் வைத்திருக்கிறேன். வெள்ளையடித்து முடித்ததும் படத்தை மறுபடி மாட்டினேன், இந்த முறை அடிப்பகுதி தெரியும்படி ஓர் அடி மேலே தூக்கி.