அம்மாவின் மேட்டு மலை

அப்பா இறந்ததும் பல்கலைக்கழகப் படிப்பைப் பாதியில் விட்டு, ஹட்டனில் தையல் கடை போட்டேன். சுற்றுவட்டத் தேயிலைத் தோட்டங்களின் கல்யாணத் துணியெல்லாம் என்னிடம்தான் வந்தது. அம்மா இனிக் கொழுந்து பறிக்க வேண்டாம் என்று சொல்லி, கடையின் பின்னறையிலேயே குடிவைத்துக்கொண்டேன். எங்கள் குடும்பத்தில் முதலில் படித்தவள் நான். பாதியில் நின்ற பட்டப்படிப்பைக் கைவிட மனம் வரவில்லை. மறுபடி இடம் கிடைத்ததும் கடையை விற்றேன். பின்னறையும் போனது; தோட்டத்தில் மறுபடி வேலைக்குப் பெயர் பதிந்தால்தான் அம்மாவுக்குத் தொழிலாளர் லயத்தில் தங்க அறை.

நான் புறப்பட்ட அன்று, காலைப் பெரட்டில் வேலை பிரித்துக்கொண்டிருந்த கணக்கப்பிள்ளை அம்மாவைப் பார்த்துச் சிரித்தார்.

“என்னா, கடைக்கார அம்மா கொழுந்துக்கு வந்துட்டாங்களா? புது ஆளுக்கு மேட்டு மலைதான்.”

ஏற்றம் அதிகமான அந்த மலையைப் புதியவர்களின் தலையில்தான் கட்டுவார்கள்; அம்மாவோ அந்தத் தோட்டத்தில் பாதி ஆயுள் பறித்தவர். நான் வாய் திறப்பதற்குள் என் கையைப் பிடித்தார்.

“சும்மா இரு புள்ள. ஒனக்கு ரயிலுக்கு நேரமாச்சு.”

இடுப்பில் சாக்கைச் சுற்றினார். பழக்கம் விட்டுப்போன விரல்களுக்குக் கயிற்றை முடிச்சுப் போட வரவில்லை. நான் குனிந்து கட்டினேன்.

“இறுக்கிக் கட்டு. ஏத்தத்துல அவுந்துரும்.”

இறுக்கினேன். மற்ற பெண்கள் ஏற்கெனவே போய்விட்டிருந்தார்கள். அம்மா கூடையோடு தனியாக மலை ஏறினார். நான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு றொசல்ல ஸ்டேஷனுக்கு இறங்கினேன்.