ஷாமினிக்கு ஒரு டி.ஓ. லெட்டர்

1. சாப்போடு வந்த கடிதம்

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, ஷாமினியின் அப்பா எங்கள் பிரிக்ஃபீல்ட்ஸ் அலுவலகத்து மாடிப்படியில் மூச்சு வாங்க ஏறி வந்து, ஒரு பழுப்பு உறையை என் மேசையில் வைத்தார். முகத்தில் பெருமை பொங்கி வழிந்தது.

"மிஸ், டி.ஓ. லெட்டர் கெடச்சிருச்சு. சாப் அடிச்சு, சைன் போட்டு, எல்லாம் பக்காவா இருக்கு" என்றார்.

பிரித்துப் பார்த்தேன். மாவட்ட அலுவலகத்திலிருந்து மலாய் மொழியில் ஒரு சுராட் சொக்கோங்கான், அதாவது ஆதரவுக் கடிதம். ஷாமினி காப்பாரில் நல்ல குடும்பத்துப் பெண், போலீஸ் வழக்கு எதுவும் கிடையாது, கோயில் தொண்டில் ஆர்வம் உள்ளவள், அவளுக்கு ஆவன செய்யுமாறு கேட்டுக்கொள்கிறோம் என்று எழுதியிருந்தது. அடியில் ஊதா நிறத்தில் வட்டமான ரப்பர் முத்திரை, அவர் சொன்ன சாப். முதலில் எனக்குச் சிரிப்பு வந்தது. அடுத்த நொடி காலண்டரைப் பார்த்தேன்.

வெளிநாட்டில் படிக்கப் போகிறவர்களுக்கு விண்ணப்பம் தயார் செய்து கொடுப்பதுதான் எங்கள் வேலை. நான் அங்கே சீனியர் கவுன்சலராக இருந்து போன வருடம் ஓய்வு பெற்றேன். என் நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள், சிபாரிசுக் கடிதம் வாங்குவதைப் பற்றி எழுதித் தாருங்கள் என்று நச்சரிக்கிறார்கள். எனக்குச் சூத்திரம் எழுத வராது. நடந்ததை எழுதுகிறேன், வேண்டியதை எடுத்துக்கொள்ளுங்கள்.

விவரம் தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. அமெரிக்காவில் டாக்டராக இரண்டு வழிகள் உண்டு. ஒன்று எம்.டி., இன்னொன்று டி.ஓ. என்கிற ஆஸ்டியோபதிக் மருத்துவம். இரண்டு பேருமே ஊசி போடலாம், ஆபரேஷன் செய்யலாம், முழு டாக்டர்கள்தான். டி.ஓ. கல்லூரிகள் ஒரு டி.ஓ. டாக்டரிடமிருந்து கடிதம் கேட்பது வழக்கம். நம் ஊரிலோ, பிறந்ததிலிருந்து டி.ஓ. என்றால் டிஸ்ட்ரிக்ட் ஆபீசர், மாவட்ட அதிகாரிதான். நிலப் பிரச்சினைக்கும் வெள்ள நிவாரணத்துக்கும் நாம் போய் நிற்கிற டி.ஓ.

ஷாமினி வீட்டில், "டி.ஓ. லெட்டர் ஒண்ணுதான்பா பாக்கி" என்று சொல்லியிருக்கிறாள். அப்பா, "எனக்குத் தெரிஞ்ச ஆளு இருக்காரு, நான் பாத்துக்கிறேன்" என்றிருக்கிறார். அவர் மருத்துவமனைகளுக்குச் சாமான் ஏற்றும் லோரி ஓட்டுபவர். டாக்டர்கள் பலரோடு பழக்கம். அமெரிக்காவில் படித்த யாரையோ பிடித்துவிட்டார் என்று மகள் நம்பினாள். நானும் இரண்டு முறை கேட்டு, "வந்துக்கிட்டு இருக்கு" என்ற பதிலைக் கேட்டுத் திருப்தியாக இருந்துவிட்டேன். அந்த மனிதர் அதற்காக எத்தனை காலை நேரம் லீவு போட்டு வரிசையில் நின்றிருக்கிறார் என்பது பிறகுதான் தெரிந்தது.

விஷயத்தைச் சொன்னதும் அவர் முகம் சுருங்கிப்போனது. உறையை எடுத்துச் சட்டைப் பையில் திணிக்கப் பார்த்தார், அது அடங்கவில்லை. எனக்குப் பாவமாகவும் இருந்தது, கோபமாகவும் இருந்தது. கடிதம் போய்ச் சேர வேண்டிய கடைசி நாள் வெள்ளிக்கிழமை.

2. நீயே எழுதிட்டு வா

ஷாமினி அமெரிக்காவில் உயிரியல் பட்டம் முடித்துவிட்டு வந்தவள். அதற்கு முந்தின வருடம் விண்ணப்பித்த கல்லூரிகள் எல்லாமே கைவிரித்துவிட்டன. அந்த வருடம் வெளிநாட்டு மாணவர்களை எடுத்துக்கொள்கிற டி.ஓ. கல்லூரிகளில் ஒன்று மட்டும்தான் இன்னும் கதவைச் சாத்தவில்லை. மூன்றாவது தடவை முயலப் போவதில்லை என்று அவளே சொல்லியிருந்தாள். பேராசிரியர்கள் இருவரின் கடிதங்களும் வந்துவிட்டன. அங்கே படிக்கும்போது அவள் ஒரு கோடை விடுமுறையில் கூடவே இருந்து பார்த்த டி.ஓ. டாக்டர், எத்தனை மின்னஞ்சல் போட்டும் வாயைத் திறக்கவில்லை.

கல்லூரிக்கு எழுதிக் கேட்டேன். புதன்கிழமை காலை பதில் வந்தது. எம்.பி.பி.எஸ். டாக்டராக இருந்தாலும் ஏற்றுக்கொள்கிறோம், ஆனால் மாணவியை நோயாளிகள் மத்தியில் நேரில் பார்த்தவராக இருக்க வேண்டும், அவரே எழுதி அவரே கல்லூரியின் இணையப் போர்ட்டலில் ஏற்ற வேண்டும், மாணவி அதைப் படிக்கும் உரிமையை விட்டுக்கொடுக்க வேண்டும் என்றார்கள்.

எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. ஷாமினி ஊருக்கு வந்த நாளிலிருந்து கிள்ளானில் டாக்டர் நடேசனின் கிளினிக்கில் உதவியாளராக வேலை பார்க்கிறாள். இதைவிடப் பொருத்தமான ஆள் யார்? ஆனால் பெயரைச் சொன்னதும் அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"அவரு வேணாம் ஆன்டி. அவருக்கு என்னைப் புடிக்காது."

காரணம் கேட்டேன். சொல்லவில்லை. பிடிக்கிறதா பிடிக்கவில்லையா என்று பார்க்க இது பொண்ணு பார்க்கும் படலம் இல்லை என்று கடிந்துகொண்டு, என் எதிரிலேயே வாட்ஸ்அப் அனுப்ப வைத்தேன். பதில் உடனே வந்தது. நீயே எழுதிட்டு வா, நான் படிச்சிட்டுச் சாப் அடிச்சுத் தரேன்.

இதைப் படித்துவிட்டு டாக்டரை ஏமாற்றுக்காரர் என்று நினைக்காதீர்கள். நம் ஊரில் இது மரியாதை. பெரியவருக்கு நேரம் இல்லை, கேட்கிறவனே எழுதிக்கொண்டு போக வேண்டும், அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒரு கமாவைத் திருத்திவிட்டுக் கையெழுத்துப் போடுவார். தலைமையாசிரியர்களும் மேனேஜர்களும் அப்படித்தான் கொடுத்தார்கள், நாமும் அப்படித்தான் வாங்கினோம். ஆனால் அந்தப் போர்ட்டலில், இதை நானேதான் எழுதினேன் என்று டாக்டர் ஒரு கட்டத்தில் டிக் அடிக்க வேண்டும். அது பொய்யாகிவிட்டால், வெளியே தெரிகிற அன்று அவள் பெயரும் போகும், எங்கள் அலுவலகத்தின் பெயரும் போகும்.

ஷாமினியின் அப்பா தொலைபேசியில் கெஞ்சினார். "மிஸ், நீங்க நாலு வரி எழுதுனா போதும் லா. யாருக்குத் தெரியப் போகுது?" என்றார். எழுத எனக்குப் பத்து நிமிடம் போதும், அழகாகவும் எழுதுவேன். அதனால்தான் எனக்கு இன்னும் எரிச்சல் வந்தது. முடியாது என்று சொல்லிவிட்டு ஷாமினியை இழுத்துக்கொண்டு கொமுட்டர் ரயில் ஏறினேன்.

3. கிள்ளான் கிளினிக்

டாக்டர் நடேசன் அறுபதைத் தாண்டியவர். சிரித்தால் காசு செலவாகும் என்று நினைக்கிற ரகம். கூட்டம் குறைந்த பிறகு எங்களை உள்ளே கூப்பிட்டார். கல்லூரியின் விதியை நான் விளக்கியதும் பேனாவை மூடி வைத்துவிட்டு, ஷாமினியை வெளியே போய் உட்காரச் சொன்னார்.

பிறகுதான் அந்தக் கதை வெளியே வந்தது. ஜெஞ்சாரோமிலிருந்து ஒரு சர்க்கரை நோயாளி, காலில் ஆறாத புண்ணோடு வந்துகொண்டிருந்தாராம். ஒரு நாள் விட்டு ஒரு நாள் கட்டு மாற்ற வேண்டும். ஷாமினிதான் கூட நிற்பாள், அவரும் அவளிடம்தான் பேசுவார். பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னால் மாட்டேன் என்று அடம் பிடித்தவர். கடைசியில் போனார், திரும்பி வரவில்லை. செய்தி வந்த மறுநாளிலிருந்து ஷாமினி வேலைக்கு வரவில்லை. ஒரு வாரம் கைப்பேசியை அணைத்துவிட்டு வீட்டுக்குள் கிடந்திருக்கிறாள். கிளினிக்கில் ஆள் இல்லாமல் டாக்டர் திண்டாடியிருக்கிறார். அவள் திரும்பி வந்தபோது நோயாளிகள் முன்னாலேயே திட்டிவிட்டு, அதன் பிறகு வேலைப் பேச்சைத் தவிர வேறு பேச்சு பேசியதில்லையாம்.

"நீங்க எழுதிக் குடுத்தா நல்லதா மட்டும் இருக்கும். நானா எழுதுனா அந்த ஒரு வாரமும் அதுல வரும். மறைச்சு எழுத எனக்கு வராது. சம்மதமான்னு அந்தப் புள்ளைகிட்டக் கேட்டுக்குங்க" என்றார்.

மேசையை ஓங்கி ஒரு தட்டுத் தட்டலாமா என்று எனக்கு இருந்தது. சின்னப் பெண், முதல் சாவு, மனசு உடைந்துவிட்டது, இதைப் போய் ஒரு மருத்துவக் கல்லூரிக்கு எழுத வேண்டுமா என்று கேட்டேன். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. மருத்துவக் கல்லூரிக்கு என்பதால்தான் எழுத வேண்டும் என்றார். வேறு டாக்டரைத் தேட நேரமும் இல்லை, அவளை அருகிலிருந்து பார்த்த வேறு டாக்டரும் இல்லை.

வெளியே கடைவரிசையின் அஞ்சடியில், கூரை போட்ட முன்பக்க நடைபாதையில், ஷாமினி நின்றுகொண்டிருந்தாள். சொன்னேன். இதனால் இடம் போனாலும் போகலாம் என்பதையும் ஒளிக்காமல் சொன்னேன். லோரிகள் போகிற சாலைப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"எழுதட்டும் ஆன்டி. நான் வரல, அது உண்மைதானே" என்றாள்.

உள்ளே போய் அதை டாக்டரிடம் சொன்னேன்.

வியாழன் போனது. வெள்ளியும் போனது. போர்ட்டலில் டாக்டரின் பெயருக்கு எதிரே 'பென்டிங்' என்ற மஞ்சள் எழுத்து அசையவில்லை. அமெரிக்காவில் வெள்ளி முடியும்போது நமக்குச் சனிக்கிழமை நண்பகல். அதுதான் எங்களுக்கு மிச்சம் இருந்த நேரம்.

சனிக்கிழமை காலை அலுவலகத்தைத் திறந்துவைத்துக்கொண்டு திரையையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தோம். கிளினிக்குக்கு அழைத்தால், கூட்டம் அலைமோதுகிறது, டாக்டர் உள்ளே இருக்கிறார் என்று தாதி போனை வைத்துவிட்டார். ஷாமினியின் அப்பா மோட்டார் சைக்கிளில் பறந்து போய் நம்பர் எடுத்து நோயாளிகளோடு நோயாளியாக உட்கார்ந்தார். அவர் முறை வந்து உள்ளே போனதும் டாக்டர், உனக்கு என்ன செய்கிறது என்று கேட்டிருக்கிறார். இவர் கையெடுத்துக் கும்பிட மட்டும் செய்திருக்கிறார்.

நண்பகலுக்குக் கொஞ்சம் முன்னால் மஞ்சள் எழுத்து பச்சையானது. ஷாமினி அப்பாவுக்குப் போன் போட்டாள். நான் டாக்டரை அழைத்து, எங்களை இப்படிச் சாகடித்துவிட்டீர்களே என்று மனதில் இருந்ததை அப்படியே கேட்டேன்.

"ரெண்டு நாளா அடிக்கிறதும் அழிக்கிறதுமா இருந்தேன்" என்றார். அவ்வளவுதான், போனை வைத்துவிட்டார். அடித்து அடித்து எதை அழித்தார், எதை விட்டுவைத்தார் என்று எங்களுக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளும் உரிமையும் இல்லை.

4. நேர்காணல்

சில வாரங்கள் கழித்து நேர்காணலுக்கு அழைப்பு வந்தது. ஸூமில்தான். காப்பார் வீட்டில் லைன் சரியில்லை என்பதால் எங்கள் அலுவலகத்தின் உள்ளறையைக் கொடுத்தேன். காலை எட்டு மணிக்கு இஸ்திரி போட்ட கோட்டோடு உள்ளே போனாள். நானும் அவள் அப்பாவும் வெளியே உட்கார்ந்திருந்தோம். அவர் வாங்கி வந்த காப்பியை இரண்டு பேருமே தொடவில்லை.

கதவைத் திறந்துகொண்டு வந்தபோது அவள் கண்கள் வீங்கியிருந்தன. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எல்லாம் போய்விட்டது, அந்த மனிதர் கெடுத்துவிட்டார் என்று முடிவே செய்துவிட்டேன். கிள்ளானுக்குப் போய் அவரை நாலு வார்த்தை கேட்காமல் விடுவதில்லை என்று கைப்பையை எடுத்தேன்.

"அந்த ஒரு வாரத்தப் பத்திதான் கேட்டாங்க" என்றாள். "அவரு எழுதியிருக்காரு ஆன்டி, அவங்களே சொன்னாங்க. அதோட நிறுத்தல. ஹவுஸ்மேனா, அதான் ட்ரெய்னிங் டாக்டரா இருக்கும்போது அவரோட மொதல் பேஷன்ட் செத்துப்போனப்ப, அவரும் ரெண்டு வாரம் ஆஸ்பத்திரிப் பக்கமே போகலையாம். இத்தனை வருஷத்துல யாருகிட்டயும் சொன்னதில்லையாம். இந்தப் பொண்ணு ஒரு வாரத்துல திரும்பி வந்திருச்சு, என்னைவிட வேகமா வந்திருச்சுன்னு எழுதியிருக்காரு. உங்க டாக்டர் இப்ப எதிர்ல இருந்தா என்ன சொல்லுவீங்கன்னு கேட்டாங்க."

"நீ என்ன சொன்ன?"

"திட்டுனீங்களே, அப்பவே இதையும் சொல்லியிருக்கக் கூடாதான்னு கேப்பேன்னு சொன்னேன். அப்புறம் அழுதுட்டேன். அவங்க அப்படியே காத்துக்கிட்டு இருந்தாங்க."

நான் கைப்பையைக் கீழே வைத்தேன். அவள் அப்பா சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

அன்று மதியமே அவள் தனியாகக் கிள்ளானுக்குப் போனாள். கல்லூரிக்காரர்களிடம் சொன்னதை டாக்டர் முகத்துக்கு நேராகவும் கேட்டிருக்கிறாள். அவர் மருந்து அலமாரியை ஒழுங்குபடுத்தத் தொடங்கினாராம். பிறகு, "எனக்கு அப்ப யாரும் எதுவும் சொல்லலம்மா. அதனால எப்படிச் சொல்றதுன்னே எனக்குத் தெரியல" என்றாராம். சாயங்காலம் போனில் இதை என்னிடம் சொல்லும்போது, கட்டு மாற்ற ஆள் காத்திருக்கிறார் என்று பாதியில் வைத்துவிட்டாள்.

இடம் கிடைத்தது. இப்போது அங்கே படிக்கிறாள். அந்தக் கடிதத்தை நான் இன்றுவரை பார்த்ததில்லை. ஆனால் ஒன்று நிச்சயம். அந்தப் புதன்கிழமை நான் மனம் இளகி எழுதிக் கொடுத்திருந்தால் கடின உழைப்பாளி, பொறுமைசாலி, இரக்கம் உள்ளவள் என்று பிரமாதமாக எழுதியிருப்பேன். அதில் ஷாமினி இருந்திருக்க மாட்டாள்.

ஆகவே, என் நாற்காலியில் இருக்கும் பிள்ளைகளே, உங்களிடம் வருகிற மாணவர்கள் யாரிடம் லெட்டர் கேட்பது என்று கேட்டால், பதவி பெரிதாக இருக்கிற ஆளைக் காட்டாதீர்கள். உன்னை ஒரு நாளாவது நெஞ்சார யார் திட்டியிருக்கிறார்கள் என்று கேளுங்கள். அவரிடம் அனுப்புங்கள். உன்னைச் சரியாகப் பார்த்தவர் அவராகத்தான் இருக்கும் என்று சொல்லி அனுப்புங்கள்.